ஊரக்காவின் சூரியன்

சுவீடன் தேசத்து இளவரசி எங்கள் சங்குமுனைக்கு வந்தது ஒரு பங்குனி மாதத்தில், தூத்துக்குடியிலிருந்து மத்தியானம் வரும் பஸ்ஸில், கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு. முதலில் இறங்கியது பூபாலராயன். கப்பலில் என்ஜினுக்கு எண்ணெய் போடும் வேலைக்குப் போய், இரண்டு வருஷமாகத் தகவலே இல்லாமல் இருந்தவன், ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு இறங்கி, திரும்பி நின்று கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அவித்த பனங்கிழங்கு நிறத்தில் தலைமுடியும் அவனைவிட அரையடி உயரமுமாக ஒரு பெண் இறங்கினாள். உப்பளத்திலிருந்து சாப்பாட்டுக்கு ஏறி வந்துகொண்டிருந்த அவன் அம்மா செபஸ்தியம்மாள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கால் என்னல ஆச்சு?" என்று மகனிடம் கேட்டாள். மருமகளைப் பற்றிய கேள்வியை இரண்டு பேருக்கும் சோறு போட்ட பிறகுதான் கேட்டாள்.

பூபாலராயன் சொன்னதை அம்மா கேட்டாள், அம்மா சொன்னதைத் தெரு கேட்டது, தெரு சொன்னதை ஊர் கேட்டது. அவனுடைய சரக்குக் கப்பல் அந்தக் குளிர் தேசத்துத் துறைமுகத்தில் நின்றபோது பனிக்கட்டியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டான். கப்பல் அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராஜ குடும்பத்திலிருந்து ஒரு இளவரசி வந்து நோயாளிகளுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுப்பது அங்கே வழக்கம். எல்லாரும் வாங்கிக்கொண்டு கும்பிட்டார்கள். எங்கள் ஊர்க்காரன் மட்டும் அதை உரித்து, பாதியை அவளிடமே நீட்டினான். கூட வந்திருந்த சீமாட்டிகள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பாதியைத் தின்றாள். மறுநாள் பழம் இல்லாமல் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

ராஜா அவளுக்குப் பெரியப்பா முறை. சாதாரணக் குடியானவனைக் கட்டினால் பட்டம் போய்விடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அவர் அவளைக் கூப்பிட்டு, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும், கோயிலில் ராஜ குடும்பத்துக்குச் சொல்லும் ஜெபத்தில் உன் பெயர் வராது, கல்லறையில்கூட எங்கள் பக்கத்தில் உனக்கு இடம் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அவர் ராஜா என்பதை மறந்து பெரியப்பாவாக, "நீ ஒன்றுமில்லாதவளாக ஆகிவிடுவாயே" என்றபோது, "பெரியப்பா, இதுவரைக்கும் என்னிடம் யாரும் எதையும் பங்கு போட்டுக்கொண்டதில்லை" என்றாள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். சூரியனைப் பற்றி அந்தச் சட்டத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அவள் பெயர் உல்ரிகா. எங்கள் வாயில் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உல்ரிக்கா என்றார்கள், ஊரிக்கா என்றார்கள், பிறகு ஊரக்கா என்று நின்றுவிட்டது. அவளைவிட மூத்த கிழவர்களும் ஊரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் தமிழை மாமியாரிடம் கற்றுக்கொண்டதால் செபஸ்தியம்மாளின் இழுப்பும் வெடுக்கும் அப்படியே அவள் பேச்சில் வந்து உட்கார்ந்தன. மீன்காரியிடம் அவள் பேரம் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு செபஸ்தியம்மாள் இருப்பதுபோல் இருக்கும்.

வைகாசி பாதி கழிந்த ஒரு நாள் எங்கள் ஊரில் சூரியன் மறையவில்லை. வழக்கம்போல மேற்கே பனங்காட்டுக்கு மேல் இறங்கி வந்தது, பனைகளின் தலையைத் தொட்டது, பிறகு என்ன நினைத்ததோ, கீழே போகாமல் வடக்குப் பக்கமாகத் திரும்பி, விளிம்பை ஒட்டியே மெதுவாக நடந்து, கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் போய், கிழக்கே கடலுக்கு மேல் வந்து, மறுபடி ஏறத் தொடங்கியது. மாடுகள் அசைபோட்டபடி நின்றன. கோழிகள் கூட்டு வாசல்வரை போய்ப் போய்த் திரும்பின. ஊர் எல்லையில் ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நட்சத்திரம் இருந்தது. இந்தப் பக்கம் வெயில் இருந்தது. வாசலில் நின்று பார்த்த ஊரக்கா மட்டும், வெகுநாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"எங்க ஊர்ல வடக்க இப்பிடித்தான் மாமி. கோடையில போகாது" என்றாள்.

செபஸ்தியம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "பொறந்த வீட்டுலருந்து ஒண்ணும் கொண்டு வரலன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, வெயில் இருக்கும்போதே காயட்டும் என்று மிளகாயை எடுத்து முற்றத்தில் பரப்பினாள்.

அதற்கு மேல் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவாடு சீக்கிரம் காய்ந்தது. திருடர்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். புளியமரத்தில் இருந்த பேய் வெளிச்சம் பொறுக்காமல் பாலத்தைத் தாண்டி அடுத்த ஊர் ஆலமரத்துக்குக் குடிபோய்விட்டதென்று அந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் நியாயம் கேட்டு வந்தார்கள். எங்கள் பெரியவர்கள் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஐப்பசியில் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருட்டைத் தேடிப் போனார்கள்; வழியில் பார்த்தவர்கள் பார்க்காததுபோல் போனார்கள். பிள்ளைகள் விளையாடி விளையாடி அப்படியே மண்ணில் விழுந்து தூங்க, அம்மாக்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போனார்கள். டவுனிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்துப் பார்க்க வந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வெளியூரில் மரியாதை கூடியது. சங்குமுனையா, ராத்திரியும் வெயில் அடிக்கிற ஊரா என்று கேட்டு, உட்கார நாற்காலி போட்டார்கள்.

இதில் தனக்கொரு லாபம் இருப்பதை முதலில் பார்த்தவர் உப்பளத்து முதலாளி தனசிங்.

அளத்தில் கடிகாரம் கிடையாது. எங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்து பேச்சு ஒன்றுதான்: பொழுது விடிந்தால் பாத்தியில் இறங்க வேண்டும், பொழுது சாய்ந்தால் ஏற வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து பெண்கள் காலைக் கழுவப் போனபோது, கங்காணி வேலாண்டி வரப்பில் வந்து நின்று, "மொதலாளி கேக்காரு, பொழுது சாஞ்சிட்டா?" என்றான். எல்லாரும் மேற்கே பார்த்தார்கள். சூரியன் பனைக்கு மேல் நன்றாகத் தெரிந்தது. வேலாண்டி கெட்டவன் இல்லை. சொல்லும்போது அவன் முகமும் தரையைத்தான் பார்த்தது. "பேச்சு பேச்சுதான?" என்றான். பெண்கள் மறுபடி இறங்கினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஊர் தூக்கத்தை மறந்தது. முதலாளி இரக்கப்பட்டுச் சாப்பிட விடுவார், சற்று நேரம் வரப்பில் தலை சாய்க்க விடுவார், பிறகு வேலாண்டி வந்து தகரத்தைத் தட்டுவான். நிற்காத வெயிலில் உப்பு விளைந்துகொண்டே இருந்தது. வாரி முடித்த பாத்தியில் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி வெள்ளை பூத்தது. தட்டுமேட்டில் உப்புக் குவியல்கள் கோயில் கோபுரம்போல் நின்றன. கண்கள் சிவந்து நீர் வடிந்தது. வாருபலகையைப் பிடித்த கைகளில் பிளவுகள் ஆறவில்லை. பாத்தியில் நின்றபடியே தூங்கி விழித்தவர்கள் எந்த நாளில் விழித்தோம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்கள். கடைசியில், நிறை வயிற்றோடு உப்புச் சுமந்துகொண்டிருந்த ரோசம்மா கூடையோடு வரப்பில் சரிந்தாள்.

அவளையும் பிள்ளையையும் டவுன் ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அவள் புருஷன் குரூஸ் அங்கிருந்து நேராக ஊரக்கா வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே பேசினான்.

"ஊரக்கா, நீங்க நல்லவிய. எம் மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப கூட இருந்து பாத்தது நீங்கதான். ஆனா ஒங்க சூரியன் எங்களக் கொல்லுது."

அவன் போன பிறகு பூபாலராயன் கதவைச் சாத்தினான். இடுக்குகளில் எல்லாம் வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்தது.

"கொழும்புக்குப் போயிருவோம்" என்றான். "அங்க ஒர்க்ஷாப்புல வேல இருக்கு. நாம போனா அதுவும் கூடவே வந்துரும். ஊரு பொழச்சிக்கும்."

"அங்கயும் வேல பாக்குற சனம் இருக்கும்லா" என்றாள் அவள். "ஒரு வீட்ட விட்டு வந்தேன், நீ கூப்பிட்ட. அதுக்கு நான் வருத்தப்படல. ஆனா இந்த வீட்ட விட்டு என்னியத் தனசிங்கு வெரட்டக் கூடாது."

மறுநாள் அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூலையில் இருந்த வாருபலகையை எடுத்தாள். செபஸ்தியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். அதுவரை மருமகளை அவள் அளத்துப் பக்கமே விட்டதில்லை.

"வைய்யி அத. ராசா வீட்டுப் பிள்ளைய உப்புல எறக்கிட்டான்னு ஊரு என்னிய ஏசும்."

"ராசா வீட்டுல என்னிய வேண்டாம்னுட்டாவ மாமி. நீங்களும் வெளியவே நிக்கச் சொல்லுதியளா?"

செபஸ்தியம்மாள் உள்ளே போய்த் தன்னுடைய பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, அந்த வெள்ளைக் கால்கள் இரண்டிலும் கணுக்கால்வரை இறுக்கிச் சுற்றிவிட்டாள். "நெத்தி வேர்வய கையால தொடச்சிராத. கண்ணு எரிஞ்சு போகும்" என்றாள்.

அன்று முழுக்க ஊரக்கா எங்களோடு உப்பு வாரினாள். கோணலாகத்தான் வாரினாள், பக்கத்துப் பாத்திப் பெண்கள் அவள் விட்டதையும் சேர்த்து வாரினார்கள். சுற்றிய துணியைத் தாண்டி உப்பு ஏறி, கால்கள் முதலில் சிவந்தன, பிறகு தோல் உரிந்தது. முகம் நண்டு ஓடு மாதிரி ஆனது. அவள் நிறுத்தவில்லை. ஆனால் அடிக்கடி நிமிர்ந்து சூரியனைப் பார்த்தாள், அடுப்பில் உலை வைத்தவள் அதைப் பார்ப்பதுபோல.

சூரியன் பனைகளின் தலைக்கு வந்து, வடக்கே திரும்ப இருந்த நேரத்தில், அவள் பலகையை வரப்பில் சாய்த்துவைத்தாள். மேலே ஏறினாள். வாய்க்கால் தண்ணீரில் காலைக் கழுவி, துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, கத்தாமல், "பொழுது சாஞ்சிட்டு" என்றாள்.

வேலாண்டி ஓடி வந்தான். முதலாளி தனசிங்கும் குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன பேச்சும்மா இது? சூரியன் அந்தா நிக்கி" என்றார் தனசிங்.

"நிக்கிதான்."

"அப்ப எப்படிப் பொழுது சாஞ்சிது?"

"மொதலாளி, அது ஒங்க சூரியன் இல்ல. ஒங்க சூரியன் பாலத்துக்கு அந்தப் பக்கம் எப்பவோ மறஞ்சாச்சு. இது என்கூட வந்தது. நான் பொறந்ததுலருந்து எனக்கு அதத் தெரியும். எப்ப முழிச்சிருக்கும், எப்ப கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கும்னு எனக்குத்தான் தெரியும். இப்ப அது தூங்குது."

அவள் குரல் உயரவே இல்லை. எந்த வீட்டில் பிறந்தாள் என்பதை அன்றுதான் நாங்கள் கண்ணால் பார்த்தோம். உப்புக் கறைபிடித்த சேலையும் உரிந்த கால்களுமாக அவள் நின்ற இடத்துக்கு முன்னால், குடை பிடித்திருந்த மனிதர் ஏதோ விண்ணப்பம் கொண்டுவந்தவர் மாதிரி இருந்தார்.

செபஸ்தியம்மாள் பாத்தியிலிருந்து ஏறினாள். "எம்மருமவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவினாள். அவளுக்குப் பின்னால் குரூஸ் ஏறினான். பிறகு ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் ஆட்கள் ஏறினார்கள், வரிசையாகக் காலைக் கழுவினார்கள், சாயாத வெயிலில் தங்கள் நிழல்களை முன்னால் நீளமாக விட்டுக்கொண்டு வீடு பார்த்து நடந்தார்கள்.

அன்று சங்குமுனையில் ராத்திரி வந்தது. கண்கூசும் வெயிலில் வீட்டுக்கு வீடு விளக்கு ஏற்றினார்கள். சுடர் இருக்கிறதா என்று விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டார்கள். டீக்கடைக்காரர் பலகைகளை அடைத்தார். பேசினவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள். தனசிங் முதலாளி காரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்து ஹாரன் அடித்தார். வெகுநேரம் கழித்து ஒரு கதவு திறந்தது, கிழவர் ஒருவர் கையில் விளக்கோடு வெளியே வந்து, நெற்றிக்கு மேல் வெயில் விழ, "இந்த அகால நேரத்துல யாரது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

முதலாளி எங்களை நிறுத்திவிட்டு அடுத்த ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். அவர்கள் பகலெல்லாம் ஒழுங்காக வாரினார்கள். ஆனால் அளத்தில் நின்று பார்த்தால் பாலத்துக்கு அப்பால் அவர்கள் ஊர் தெரியும். அங்கே இருட்டு இறங்கி, அவர்கள் வீடுகளில் அடுப்புப் புகை எழும்பி, பிள்ளைகள் அம்மாவைத் தேடி வாசலுக்கு வந்து நிற்பதும் தெரியும். "எங்க ஊர்ல இருட்டிட்டு மொதலாளி" என்று சொல்லிவிட்டு அவர்களும் ஏறிப் போனார்கள். அன்று வெட்டவெளிச்சத்தில், வாரி முடியாத உப்புக்கு நடுவில், தனசிங் முதலாளி தனியாக நின்றுகொண்டிருந்ததை வேலாண்டி பார்த்திருக்கிறான். அவரும் பல நாளாகத் தூங்காத மனிதர்தான் என்று பிற்பாடு சொன்னான்.

அடுத்த நாள் முதலாளி சொல்லியனுப்ப, நாங்கள் எல்லாரும் வேலைக்குத் திரும்பினோம். சூரியன் பனைக்கு வந்ததும் வேலாண்டி ஊரக்கா நின்ற பாத்திக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "ஊரக்கா, பொழுது சாஞ்சிட்டான்னு மொதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று சொல்லி, வாரிக்கொண்டிருந்த வரிசையை முடித்துவிட்டு, "இப்ப சாஞ்சிட்டு" என்றாள். அவள் நேர்மையாகத்தான் சொல்வாள் என்பது முதலாளிக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கோடை முழுவதும், பிறகு வந்த கோடைகள் முழுவதும், எங்கள் ஊரில் மாலையை அவள்தான் கொண்டுவந்தாள். அவள் பிரசவத்தில் படுத்திருந்த நாட்களிலும் வேலாண்டி வாசல்வரை வந்து கேட்டுவிட்டுப் போனான்.

அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு பையனும் பிறந்தார்கள். மூன்று பேரும் அப்பாவின் நிறத்தில், அம்மாவின் உயரத்தில் வளர்ந்தார்கள். கடைசிப் பெண் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்தில், மறுபடியும் ஒரு கோடையில், டவுன் டாக்சி ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. கறுப்புக் கோட்டு போட்ட வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் இறங்கினார். ராஜா இறந்துவிட்டார் என்றும், அவர் மகன் சட்டத்தை மாற்றிவிட்டார் என்றும், இளவரசியை அழைத்துப் போகத் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் செபஸ்தியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "என்ன சொல்லுதாரு?" என்று கேட்டதால், ஊரக்கா எல்லாவற்றையும் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் நின்ற நாங்களும் கேட்டோம்.

பெரியப்பா இறந்த செய்திக்கு அவள் அழுதாள். மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு பெரியவர் பட்டம் திரும்பக் கிடைக்கும் என்றார், ஏரியைப் பார்த்த அறை திரும்பக் கிடைக்கும், ஜெபத்தில் பெயர் திரும்ப வரும், புருஷனையும் பிள்ளைகளையும்கூட ஏற்றுக்கொள்வார்கள் என்றார். அவருடைய கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. வழியில் கப்பலிலும் ரயிலிலும் சரியாகத் தூங்கவில்லையாம்.

"புருசனயும் ஏத்துக்கிடுதாவளாமா" என்றாள் செபஸ்தியம்மாள், கொஞ்சம் இழுத்து. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு மருமகளின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பூபாலராயனும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊரக்கா பெரியவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அங்க எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள். இதை அவள் முதலில் தமிழில் சொன்னாள், பிறகுதான் அவர் பாஷையில். "எம்பேர ஜெபத்துல சேத்துக்கிட்டா சந்தோசம்தான். பிள்ளைங்க வளந்து, போய்ப் பாக்கணும்னா பாக்கட்டும். எனக்கு இங்க வேல இருக்குன்னு சொல்லுங்க."

பெரியவர் என்ன வேலை என்று கேட்டார். அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். நாங்கள் வழி விட்டோம். பனைகளின் தலைக்கு நேராகச் சூரியன் வந்திருந்தது. அளத்துப் பாதையில் வேலாண்டி, இப்போது தலை நரைத்துப்போன வேலாண்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவன் கேட்பதற்கு முன்பே அவள் தலையசைத்தாள். அவன் திரும்பி நின்று கையை உயர்த்திக் காட்டினான். தூரத்தில் பாத்திகளில் குனிந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

வீடுகளில் கதவுகள் சாத்தப்பட்டன, ஜன்னல்களில் சாக்குகள் இறங்கின, தெரு அடங்கியது. பெரியவர் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவருடைய ஊர் முறைப்படி இடுப்புவரை குனிந்து நிமிர்ந்தார். ஊரக்கா அதை ஏற்றுக்கொண்டாள். செபஸ்தியம்மாள் கூடத்தில் பாயை விரித்து, தலையணையை இரண்டு தட்டுத் தட்டிப் போட்டு, "கோட்டக் கழத்திட்டுப் படுக்கச் சொல்லு, புழுங்கிச் செத்துருவாரு" என்றாள். அவர் படுத்தார். கதவிடுக்கில் வந்த வெயில் ஒரு கோடாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய குறட்டைச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.